இலவச ஆன்ட்டிவைரஸ்: புதிதாக ஒன்று தேவையா?

அத்தையின் லேப்டாப்பைத் திறந்தபோது, மணி காட்டும் மூலையில் மூன்று கேடயங்கள் வரிசையாக நின்றன. ஒன்று, வாங்கும்போதே உள்ளே வந்த சோதனைப் பதிப்பு. கெடு முடிந்து பல மாதமாகி, 'உடனே புதுப்பிக்கவும்' என்று சிவப்பில் கத்திக்கொண்டிருந்தது. இன்னொன்று, யாரோ நல்லது என்று சொன்னதைக் கேட்டுப் போட்ட இலவச ஆன்ட்டிவைரஸ். மூன்றாவது எப்படி வந்தது என்று அத்தைக்கே தெரியவில்லை. வேறு ஏதோ இன்ஸ்டால் செய்யும்போது எடுக்காமல் விட்ட ஒரு டிக் வழியாக நுழைந்திருக்க வேண்டும். ஒரு வேர்டு ஃபைல் திறக்க முக்கால் நிமிடம் ஆனது. "வைரஸ் பூந்துருச்சுன்னு நினைக்கிறேன்டா. இதவிட நல்லதா ஒண்ணு போட்டுக் குடு" என்றார்.

வைரஸ் எதுவும் இல்லை. காவலுக்கு நின்றவர்கள்தான் ஒருவர் பையை ஒருவர் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆன்ட்டிவைரஸ் எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறது என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். ஒரு ஃபைலின் மேல் இரண்டு முறை கிளிக் செய்கிறீர்கள். அது நேராகத் திறப்பதில்லை. இயங்குதளத்தின் அடித்தட்டில், ஃபைல்கள் போய்வரும் வழியில், ஆன்ட்டிவைரஸின் வடிகட்டி ஒன்று நிற்கிறது. அது ஃபைலை நிறுத்தி, தெரிந்த தீநிரல்களின் அடையாளங்களோடு ஒப்பிடும். அதில் சிக்காவிட்டால், சந்தேகத்துக்கு இடமான அமைப்பு இருக்கிறதா என்று பார்க்கும். அப்போதும் ஐயம் தீராவிட்டால் இணையம் வழியாகத் தன் நிறுவனத்தின் சர்வரைக் கேட்கும். விண்டோஸுடன் வரும் டிஃபென்டர், முன்பின் பார்த்திராத ஃபைலை இப்படிக் கேட்டுப் பதில் வரும் வரைக்கும் 10 நொடி வரை பிடித்துவைக்கும். ஓடத் தொடங்கிய பிறகும் கண் எடுக்காது. ஒரு நிரல் திடீரென்று நூற்றுக்கணக்கான ஃபைல்களைப் பூட்ட ஆரம்பித்தால் பாய்ந்து நிறுத்தும். இத்தனையையும் செய்ய அதற்குக் கணினியில் ஏறக்குறைய எல்லாக் கதவின் சாவியும் வேண்டும். ஒரே வழியில் இரண்டு வடிகட்டி நின்றால், ஒன்று தொடும் ஃபைலை மற்றது சந்தேகப்படும். அத்தையின் முக்கால் நிமிடம் அங்கேதான் போனது.

அந்தச் சாவி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'எது நல்ல ஆன்ட்டிவைரஸ்' என்ற கேள்வியைவிட 'யாரிடம் சாவியைக் கொடுக்கிறோம், அதை வைத்து வேறென்ன செய்கிறார்கள்' என்ற கேள்விக்குத்தான் இன்றைக்கு எடை அதிகம்.

நல்ல ஆன்ட்டிவைரஸ் எது என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் உண்மையாகவே அர்த்தம் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி நாட்களில் இயங்குதளத்தோடு ஆன்ட்டிவைரஸ் எதுவும் வரவில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது அவாஸ்ட், ஏவிஜி, அவிரா போன்ற இலவசங்களில் ஒன்றைப் போட வேண்டும். செக் நாட்டில் பிறந்த அவாஸ்ட், 2001ல் வீட்டு உபயோகத்துக்கு இலவசமானது. ஜெர்மனியின் அவிராவைச் சிவப்புக் குடையை வைத்தே பலரும் அடையாளம் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட், செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற இலவச ஆன்ட்டிவைரஸை 2009 செப்டம்பரில்தான் கொடுத்தது. 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபென்டர் என்ற பெயரில் அதை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்துவிட்டது.

தொடக்கத்தில் அது சோப்ளாங்கி. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் 2012ன் கடைசியில் நடத்திய சோதனையில் எசென்ஷியல்ஸ் சான்றிதழே வாங்கவில்லை. 'மைக்ரோசாஃப்ட் கொடுப்பது சும்மா பேருக்கு, வேறொன்று போட்டே ஆக வேண்டும்' என்ற அறிவுரை அந்தக் காலத்துச் சரக்கு. அன்றைக்கு அது சரிதான். ஆனால் அறிவுரைக்குக் காலாவதி தேதி அச்சடிப்பதில்லையே. இப்போது அதே ஏவி-டெஸ்ட், பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் ஆளுக்கு 6 வீதம் மொத்தம் 18 புள்ளி போடுகிறது. டிஃபென்டர் பலமுறை முழு 18ஐயும் வாங்கியிருக்கிறது.

ஆய்வக மதிப்பெண்களைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், உண்மையான தீய இணைப்புகளைத் திறந்து பார்த்துச் சோதிக்கும் ஆய்வகம். அப்படி ஒரு சுற்றில் சோதிக்கப்படுபவை சில நூறு. 400 மாதிரியில் ஒருவர் 99.5 சதவீதம், இன்னொருவர் 99 சதவீதம் என்றால் வித்தியாசம் இரண்டே இரண்டு மாதிரிகள். அடுத்த சுற்றில் இடம் மாறிவிடும். இதை வைத்து 'முதலிடம்', 'ஐந்தாமிடம்' என்று வரிசைப்படுத்தி விளம்பரம் செய்வதில் பெரிய பொருளில்லை. முதல் வரிசையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதோடு முடிவுப் பட்டியலில் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: நல்ல ஃபைலைத் தவறாகப் பிடித்தது எத்தனை முறை? அடிக்கடி பொய்யாகக் குரைக்கும் நாயை வீட்டுக்காரர் கவனிப்பதை நிறுத்திவிடுவார். நிஜத் திருடன் வரும் அன்றும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அதற்காக டிஃபென்டரில் ஓட்டையே இல்லை என்று சொல்லவில்லை. இணையத் தொடர்பு இல்லாதபோது அதன் பிடிக்கும் திறன் குறைகிறது என்பது ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகளில் தெரிகிறது. சர்வரைக் கேட்டுக் கேட்டு வேலை செய்து பழகியதால் வந்த வினை. பெரும்பாலும் இணையம் இல்லாமல், பலர் கை மாறி வரும் பென் டிரைவ்களைச் செருகி ஓட்டும் கணினி உங்களுடையது என்றால், அடையாளப் பட்டியலைத் தன் கையிலேயே அதிகமாக வைத்துக்கொள்ளும் பிட்டிஃபென்டர் (பெயர் ஒத்திருந்தாலும் வேறு நிறுவனத்துடையது) போன்ற ஒன்றைப் போடுவதில் நியாயம் இருக்கிறது. தீய தளங்களைத் தடுக்கும் வேலையிலும், டிஃபென்டரின் துணையான ஸ்மார்ட்ஸ்கிரீன் எட்ஜ் பிரவுசரில்தான் முழுமையாகச் செயல்படும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கூகுளின் பட்டியலை வைத்து அந்த வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன என்பதால், வீட்டு உபயோகத்தில் இது பெரிய குறையில்லை.

இனி சாவி விஷயத்துக்கு வருவோம்.

இலவச ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பாதிப் பதில் நேர்மையானது. இலவசமாக ஓடும் ஒவ்வொரு கணினியும் அவர்களுக்கு ஒரு கண். புதிதாக ஒரு தீநிரல் எங்காவது தலைகாட்டினால், அந்தக் கண் வழியாக மாதிரி போய்ச் சேர்ந்து, காசு கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் மருந்து தயாராகும். ஒரு நாளைக்கு 4,50,000க்கும் மேற்பட்ட புதிய தீநிரல்களையும் வேண்டாத நிரல்களையும் பதிவு செய்வதாக ஏவி-டெஸ்ட் சொல்லும் உலகில், கோடிக்கணக்கான கண்கள் இல்லாமல் இந்தத் தொழிலையே நடத்த முடியாது. கூடவே, இலவசத்தில் பழகியவர்களில் சிலர் நாளைக்குக் காசு கட்டுவார்கள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

மீதிப் பாதிதான் கசக்கும். அவாஸ்டுக்கு ஜம்ப்ஷாட் என்று ஒரு துணை நிறுவனம் இருந்தது. ஆன்ட்டிவைரஸ் வழியாகவும் அதன் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் வழியாகவும் திரட்டிய விவரங்களை, அதாவது யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள், எதைத் தேடினார்கள், எதைக் கிளிக் செய்தார்கள் என்பதை, அது மற்ற நிறுவனங்களுக்கு விற்றது. பெயரை நீக்கிவிட்டுத்தான் விற்கிறோம் என்றார்கள். ஆனால் ஒரே கருவியின் எண்ணோடு, நொடிக் கணக்கில் நேரம் குறித்த நடமாட்டப் பட்டியல் கையில் இருந்தால், அது யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒருவர் தினமும் திறக்கும் பக்கங்களே அவருடைய கைரேகை. 2019 டிசம்பரில், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லா, அவாஸ்ட் மற்றும் ஏவிஜியின் எக்ஸ்டென்ஷன்களைத் தன் கடையிலிருந்து தூக்கியது. 2020 ஜனவரியில் மதர்போர்டு, பிசி மேக் என்ற இரண்டு இதழ்களும் சேர்ந்து விஷயத்தை அம்பலப்படுத்தின. அந்த மாதமே ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடினார்கள். வழக்கு 2024ல்தான் முடிந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. விளம்பரத்துக்காக இப்படிப்பட்ட விவரங்களை விற்கவும் தடை போட்டது. இதில் குத்திக்காட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு: மக்கள் அந்த மென்பொருளைப் போட்டதே, யாரும் தங்களைப் பின்தொடரக் கூடாது என்ற எண்ணத்தில்.

அப்படியானால் அவாஸ்டை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகலாம் என்று தோன்றும். எதற்குப் போவீர்கள்? ஏவிஜியை 2016ல் அவாஸ்ட் வாங்கிவிட்டது. பெயரும் நிறமும்தான் வேறு, உள்ளே ஓடும் இன்ஜின் ஒன்றே. நார்ட்டன் நிறுவனம் அவிராவை வாங்கியது. பிறகு 2022ல் நார்ட்டனும் அவாஸ்டும் இணைந்து, இன்று எல்லாமே ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கூரைக்கு அடியில் இருக்கின்றன. கடை நான்கு, முதலாளி ஒருவர். நார்ட்டனிலும் அவிராவிலும் 2021 வாக்கில் கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதியைச் சேர்த்தார்கள். பயனர் சம்மதித்தால்தான் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் நார்ட்டன் அதில் 15 சதவீதம் கழித்துக்கொண்டது. ஒரு ஆன்ட்டிவைரஸுக்கு இந்த வேலை எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றியிருக்கும்.

காஸ்பர்ஸ்கியின் கதை வேறு ரகம். சோதனைகளில் அதன் திறமையைக் குறை சொன்னவர்கள் குறைவு. மாஸ்கோவில் இருக்கும் நிறுவனம் என்பதால் வந்த சந்தேகம்தான் அதன் சிக்கல். 2022 மார்ச்சில் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் அதைத் தவிர்க்கும்படி எச்சரித்தது. 2024ல் அமெரிக்கா விற்பனையையே தடை செய்தது. அந்தச் செப்டம்பரில் அமெரிக்க வாடிக்கையாளர்கள் பலரின் கணினியில் காஸ்பர்ஸ்கி காணாமல் போய், அல்ட்ராஏவி என்ற கேள்விப்படாத பெயர் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. சந்தேகம் நியாயமா, அரசியலா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாவியை ஒருவரிடம் கொடுத்தால், அவர் அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகவும் முடிகிறது.

டிஃபென்டரும் ஒன்றும் துறவியில்லை. சந்தேகப்படும் ஃபைல்களின் மாதிரியை மைக்ரோசாஃப்டுக்குத் தானாக அனுப்பும் வசதி அதில் எடுத்த எடுப்பிலேயே இயங்கிக்கொண்டுதான் இருக்கும்; வேண்டாமென்றால் செட்டிங்ஸில் நிறுத்தலாம். ஆனால் விண்டோஸ் ஓட்டுகிற எவரும் மைக்ரோசாஃப்டிடம் ஏற்கெனவே எல்லாச் சாவியையும் கொடுத்தாயிற்று. வேறொன்றைப் போடும்போது சாவி இன்னொருவர் கைக்கும் போகிறது என்பதே என் கணக்கு. அந்தக் கூடுதல் ஆபத்துக்கு ஈடாக அவர் என்ன தருகிறார்? வீட்டுக் கணினி வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு, குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆகவே டிஃபென்டரை விட்டுவிட்டு மாற வேண்டுமென்றால் ஒரு காரணம் இருக்க வேண்டும். மாறாமல் இருப்பதற்குக் காரணம் தேவையில்லை.

காரணம் இருப்பவர்கள் ஒன்றைத் தேர்ந்து போடலாம். போட்டால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். தரவிறக்கத்தை அந்த நிறுவனத்தின் தளத்தில் மட்டும் செய்யுங்கள். இன்ஸ்டால் ஆகும்போது ஒவ்வொரு திரையையும் படியுங்கள். கூடவே பிரவுசர், விபிஎன், 'வேகப்படுத்தி' என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். உரிமத்தில் 'தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும்' என்று இருக்கும்; அதே லேப்டாப்பில் சிறு தொழில் கணக்கு எழுதுபவர்களுக்கு அந்த இலவசம் செல்லாது.

மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு இந்தப் போட்டியில் சேராதது. சோதனைக் காலம் முடிந்ததும் அது காவல் நிற்காது, கூப்பிட்டால் வந்து ஸ்கேன் செய்துவிட்டுப் போகும். அதுவே அதன் நல்ல குணமும். டிஃபென்டரோடு மோதாமல், இரண்டாவது டாக்டரிடம் காட்டுவது போல எப்போதாவது ஓட்டலாம். ஒரே ஒரு ஃபைல் மீது சந்தேகம் என்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். 2004ல் ஸ்பெயினில் தொடங்கி, 2012ல் கூகுள் கைக்குப் போன சேவை அது. பல பத்து ஆன்ட்டிவைரஸ்களின் கருத்தை ஒரே பக்கத்தில் காட்டும். ஒரு எச்சரிக்கை: அங்கே ஏற்றும் ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். வருமான வரிக் கணக்கையோ பாஸ்போர்ட் நகலையோ ஏற்றிவிடாதீர்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு நீட்டி முழக்க வேண்டியதில்லை. எக்ஸ்புரொடெக்ட் என்ற உள்ளமைந்த காவல் 2009லிருந்து இருக்கிறது. ஆப்பிளின் ஆப் ஸ்டோருக்கு வெளியே இறக்கிய நிரலைத் திறக்கும்போது வரும் எச்சரிக்கையை மதித்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது.

எந்த ஆன்ட்டிவைரஸாலும் ஈடுகட்ட முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. எல்லா வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் நிரல் இருக்கவே முடியாது என்று ஃபிரெட் கோஹன் 1980களிலேயே கணிதமாக நிரூபித்துவிட்டார். மிச்சத்தை யார் பார்ப்பது? ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாகிரை ரான்சம்வேர் 2017 மே 12 அன்று உலகத்தை உலுக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. இடையில் இரண்டு மாதம். 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்களைத்தான் அது முதலில் தேடிப் பிடித்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். டிஃபென்டரின் அடையாளப் பட்டியல் அதற்கு 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் இயங்குதளத்தின் ஓட்டையை ஆன்ட்டிவைரஸ் அடைக்காது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குப் பதிவு செய்திருந்தால்தான் ஆயிற்று. வீட்டுக் கணினிகளுக்கு அதன் முதல் கெடு 2026 அக்டோபர் 13 என்றுதான் அறிவித்தார்கள்.

இன்னொன்று கிராக். காசு கட்ட வேண்டிய மென்பொருளை ஓசியில் தரும் ஃபைலோடு ஒரு குறிப்பும் வரும்: 'முதலில் ஆன்ட்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்'. திருடன் வாசலில் நின்று, நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறங்கள் என்கிறான். நாமும் திறந்துவிடுகிறோம். இப்போதெல்லாம் அப்படி வருபவை கணினியை முடக்குவதில்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆன நிலையைக் காக்கும் குக்கீகளையும் சில நொடிகளில் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுகின்றன. 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று பிரவுசரில் அலறும் பெட்டியும் இதே குடும்பம்தான். ஒரு இணையப் பக்கத்தால் உங்கள் டிஸ்க்கை ஸ்கேன் செய்யவே முடியாது. அந்த எண்ணிக்கை வெறும் படம்.

அத்தை வீட்டில் அன்று நான் புதிதாக எதையும் போடவில்லை. மூன்றையும் நீக்கினேன். ஒன்று சாதாரணமாகப் போக மறுத்து, அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. கணினியை மறுபடி தொடங்கியதும் டிஃபென்டர் தானாக விழித்துக்கொண்டது. தேங்கிக் கிடந்த அப்டேட்டுகளை ஓடவிட்டேன். போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "என்னடா, அந்த வைரஸ் புரோகிராம் எதுவுமே சொல்ல மாட்டேங்குது. முன்னெல்லாம் பொழுதுக்கும் பேசும். வேலை செய்யுதா இல்லையா?"

ஆன்ட்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஐகார் சோதனை ஃபைல் என்று ஒன்று உண்டு. 68 எழுத்துக்குறிகள் கொண்ட ஒரே வரி. எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் இதைக் கண்டால் வைரஸ் போலவே நடத்த வேண்டும் என்று ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்த வரியை அனுப்பி, நோட்பேடில் ஒட்டி டெஸ்க்டாப்பில் சேமிக்கச் சொன்னேன்.

"சேமிச்சாச்சு" என்றார். சற்று அமைதி.

"இப்பத்தானே இங்க வெச்சேன். எங்கடா போச்சு?"